பிதா இழுத்தவர்களும் இழுக்காதவர்களும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்க

நெல்லை_சாமு

யோவான் 6:44, பிதா இழுக்காட்டா ஒருத்தனும் என்கிட்ட வர முடியாதுன்னு இயேசு சொன்னது, எல்லாருக்கும் தெரியும், விளக்க வேண்டாம். நேரா விஷயத்துக்கு வாரேன்.

மாமனார் அடக்கம் முடிஞ்ச வாரம். மனுஷன் வேதத்தை முழுசா வாசிச்சவர், ஆனா நம்பினதில்ல. கல்யாண வீடு, துக்க வீடு தவிர கோயில் வாசல் மிதிச்சதில்ல. அத்தை அதுக்கு நேர் எதிர், கருக்கல்லயே எழுந்து ஜெபம். துக்கம் கேட்க ஒரு பிரதர் வந்தார். புதுசா கால்வினிசம், அதான் யாரு இரட்சிக்கப்படணும்னு தேவன் முன்னமே குறிச்சுட்டார்ங்கிற போதனை, படிச்ச சூடு. அத்தை "கடைசி நேரத்துலயாவது ஆண்டவர் பேசியிருப்பாரு"ன்னு சொன்னாங்க. அவரு சும்மா "ஆமாம்மா"ன்னு போயிருக்கலாம். "பிதா இழுக்காட்டா யாரும் வர முடியாதும்மா, அது அவரோட சர்வ சித்தம்"னுட்டார்.

அத்தை கையில இருந்த காப்பி டம்ளரைத் தரையில வச்சாங்க. "ஒரே பாயில படுத்த ரெண்டு பேருல என்னைய மட்டும் எதுக்குய்யா இழுத்தாரு? நான் கேட்டனா?"

பிரதர் ரோமர் 9-ஐ ஆரம்பிச்சார். யாக்கோபு, ஏசா, குயவன், களிமண். "அதெல்லாம் உனக்கு முன்னாலயே நான் வாசிச்சாச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லு"ன்னாங்க. அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்துட்டார்.

அத்தை இன்னைக்கும் அதே நேரத்துக்கு எழுந்திருக்காங்க. ஆனா மாமா பேரைச் சொல்லி ஜெபிக்கிறது நின்னுபோச்சு. அதுதான் எனக்குத் தாங்கல.

கிருபை_மட்டும்

சாமு பிரதர், அந்தச் சகோதரர் சொன்னது சத்தியம், சொன்ன இடம் தப்பு. இதை நான் சொல்லல, கால்வின் வழிச் சபைகள் கூட்டிய டார்ட் சங்கமே சொல்லியிருக்கு. 1618-19-ல் ஹாலந்தில் கூடி கிருபையை மனுஷன் எதிர்க்க முடியும் என்ற அர்மீனியஸ் கட்சியாரின் ஐந்து குறிப்புகளை மறுத்தார்களே, அந்தத் தீர்மானங்களில் முதல் பிரிவு, 14-ஆவது கூறு: தெரிந்துகொள்ளுதலை, அதாவது இரட்சிப்புக்குத் தேவன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதை, போதிக்க வேண்டும், ஆனால் விவேகத்தோடு, ஏற்ற நேரத்தில், ஏற்ற இடத்தில். பிரஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை மூன்றாம் அதிகாரமும் இது ஆழமான இரகசியம், தனிக் கவனத்தோடு கையாளணும் என்றுதான் முடிகிறது. நம்ம ஆட்கள் யூடியூப்பில் பாதி கேட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

என் கதை சின்னது. பெங்களூரில் வேலை, வாரக்கடைசி முழுக்கக் குடி. ரூம்மேட் வைத்திருந்த புதிய ஏற்பாட்டைக் கிண்டலடிக்கத்தான் திறந்தேன். எபேசியர் முதல் அதிகாரம், "உலகத்தோற்றத்துக்கு முன்னே". மூடி வைத்தேன், திரும்பத் திறந்தேன். அவ்வளவுதான். நான் தேடினேன் என்று சொன்னால் பொய்.

இப்போது சிலருக்கு ஒரு வார்த்தை. தேவன் எல்லாரையும் சமமாக இழுக்கிறார், முடிவு மனுஷன் கையில் என்றால், நம்பினவன் நம்பாதவனைவிடப் புத்திசாலி என்றாகிவிடும். அப்போது மேன்மைபாராட்டல் யாருக்கு? மனுஷன் சொந்த முயற்சியிலேயே நீதியாய் வாழ முடியும் என்ற பெலாகியுவோடு அகஸ்டின் போராடியதே இதற்காகத்தான். ரோமர் 8:29, 30 வசனங்களை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முன்னறிந்தார், முன்குறித்தார், அழைத்தார், நீதிமானாக்கினார், மகிமைப்படுத்தினார். இதில் ஒருவராவது நடுவழியில் விழுகிறாரா? நேரமிருப்பவர்கள் ரோமர் 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். 9-ஐ மட்டும் வாசித்தால் பயம்தான் வரும்.

ஞாயிறுபள்ளி_டீச்சர்

பிரதர், உங்க கதை நாலு வரி, பிரசங்கம் அதைவிட நீளம். 😊

என் வகுப்பில் ஆறாவது படிக்கிற பையன். யோவான் ஆறாம் அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் வருமே, "பன்னிருவராகிய உங்களை நான் தெரிந்துகொள்ளவில்லையா? உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்". பையன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், யூதாசையும் இயேசுதான தெரிஞ்சுக்கிட்டாரு? அப்ப யூதாசு எங்க?"

அது அப்போஸ்தலப் பணிக்கான தெரிவு, இரட்சிப்புக்கானது வேறு என்றேன். புத்தகத்தில் இருக்கிற பதில்தான். "அவனுக்கு அது தெரியுமா டீச்சர்?" என்றான். மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்றுதான் சொல்லணும்.

நான் மெதடிஸ்ட் குடும்பம். 6:44 இருக்கிற அதே சுவிசேஷத்தில்தான் 12:32-ம் இருக்கிறது, "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்". எங்க மெதடிஸ்ட் சபையைத் தொடங்கின வெஸ்லி 1739-ல் முன்குறித்தலை எதிர்த்தே ஒரு பிரசங்கம் பண்ணினார், கால்வின் பக்கம் நின்ற அவர் நண்பர் வொயிட்ஃபீல்ட் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். அப்படி முட்டிக்கொண்டும், 1770-ல் வொயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் பண்ணினது வெஸ்லிதான். நம்ம ஊரில் வாட்ஸ்அப் குரூப்பைவிட்டே தூக்கிவிடுகிறார்கள்.

கிருபை_மட்டும்

12:32-க்கு முன்னால் 20-ஆம் வசனம் பாருங்க சிஸ்டர், கிரேக்கர் வந்து நிற்கிறார்கள். "எல்லாரையும்" என்றால் யூதர், கிரேக்கர் என்று எல்லா ஜாதியாரையும். ஒவ்வொரு ஆளையும் என்றால், எல்லாரும் இரட்சிக்கப்பட்டுவிடுவார்கள் என்றாகும். அதற்குச் சம்மதமா?

ஞாயிறுபள்ளி_டீச்சர்

இழுக்கிறவரை எதிர்த்து நிற்க முடியும் என்பதுதானே எங்க கட்சி? அப்போஸ்தலர் 7:51, பரிசுத்த ஆவிக்கு எதிர்த்து நிற்கிறீர்கள் என்றுதானே இருக்கிறது. பையனுக்கு ஒரு பதில் இருந்தால் சொல்லுங்க, எனக்கு வேண்டாம்.

முத்துக்கரை

தூத்துக்குடி, கத்தோலிக்கன். நீங்க எல்லாரும் தனித்தனி ஆளா இழுக்குறதப் பத்தியே பேசுறீங்க. எங்க முன்னோரை 1530-கள்ல ஊர் ஊரா மொத்தமா ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்தாங்க. முத்துக்குளிப்புச் சண்டையில போர்த்துக்கீசியர் துணை வேணும்னுதான் போனது, அதை யாரும் மறைக்கல. சவேரியார் 1542-ல வந்து ஜெபம் சொல்லிக் கொடுக்குற வரைக்கும் பாதிப் பேருக்குச் சிலுவை போடக்கூடத் தெரியாது.

ஒரு பெந்தெகொஸ்தே நண்பர் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து, "இது இரட்சிப்பே இல்ல, அரசியல்"னார். எங்க அப்பாச்சி மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. அருவாமணையில இருந்து தலையத் தூக்கல. "அவரு எந்தச் சாக்க வச்சுக் கூப்பிட்டாருன்னு ஒங்கிட்ட கணக்குக் காட்டணுமோ?"

இன்னொண்ணு. இந்தச் சண்டை உங்க சொத்து மட்டும் இல்ல. இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் இதே கிருபை, சுயாதீனம்னு 1597-ல இருந்து ரோமில வாதாடுனாங்க. 1607-ல பாப்பு ஐந்தாம் பவுல் ரெண்டு பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லாம, ஒருத்தரை ஒருத்தர் பதிதன்னு சொல்லக் கூடாதுன்னு அனுப்பிட்டார். இன்னைக்கு வரைக்கும் தீர்ப்பு வரல.

மதுரை_மல்லி

சாமு தம்பி, அத்தையைத் தனியா விடாதீங்க. பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்டுக்கு ஆள் வந்து போய்ட்டு இருக்கணும். அந்த பிரதரை மறுபடி வர விடாதீங்க. மாமா அரசாங்க வேலையில இருந்தவரா? குடும்ப ஓய்வூதியத்துக்கு உடனே எழுதிப் போடுங்க. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் நகல் கூடுதலா எடுத்து வைங்க. பேங்க்ல நாமினி அத்தை பேர்தானான்னு பாருங்க, அத்தை பேருல ஸ்பெல்லிங் ஆதார்ல ஒண்ணு பாஸ்புக்ல ஒண்ணுன்னு இருந்தா அலைய விட்டுருவாங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னா பிரஷர் பாத்துருங்க. முன்குறித்தல் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, எங்க வீட்டுக்காரரும் இன்னும் வரல.

திருச்சி_ஜான்சன்

ஆபீஸ் கேன்டீன்ல நானும் ஒரு ரிஃபார்ம்டு (கால்வின் கட்சி) தம்பியும் இதே விஷயத்துல சத்தம் போட்டுக்கிட்டிருந்தோம். எதிர்ல ஸ்ரீரங்கத்து சீனியர், தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தார். முடிச்சு, டிபன் பாக்ஸை மூடிட்டுச் சொன்னார்: "பூனை குட்டியத் தானே கவ்விண்டு போறது, கொரங்குக் குட்டி தாயைப் புடிச்சுக்கணும். பெருமாளே தூக்கிப்பார்னா தென்கலை, நாமளும் புடிச்சுக்கணும்னா வடகலை. எங்களுக்கு நெத்தியப் பாத்தாலே யார் எந்தக் கட்சின்னு தெரிஞ்சுரும். ஒங்களுக்கு நாமம் இல்லாததுதான் கொறை."

தம்பிக்குக் கோபம். கிறிஸ்துவின் சிலுவை இல்லாத கிருபையும் இதுவும் ஒண்ணான்னு அரை மணி நேரம் பேசினான். நியாயமான கேள்விதான். ஆனா சீனியர் அதுக்குள்ள கை கழுவப் போயிட்டார்.

கீபோர்டு_பையன்

யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்க யாருக்கும் என்னைத் தெரியாது.

அப்பா பாஸ்டர். போன கன்வென்ஷன்ல கடைசி ராத்திரி, இயேசுவை ஏத்துக்கிறவங்க முன்னால வாங்கன்னு அழைப்பு கொடுத்தாங்க. பக்கத்துல என் கிளாஸ்மேட். நான் கூட்டிட்டு வந்தவன், அதுவும் பிரியாணி உண்டுன்னு பொய் சொல்லி. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டு முன்னால ஓடினான். ஓடுறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழற்றி என் கையில கொடுத்தான். லென்ஸ் முழுக்க ஈரம். நான் சட்டையில துடைச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு ஒண்ணுமே வரல. பிறந்ததுல இருந்து கேட்டுட்டு இருக்கேன், வேணும்னுதான் நினைக்கிறேன், ஆனா அந்த இழுப்பு எனக்கு வந்ததே இல்ல. அவன் இப்போ பைபிள் காலேஜ் போறானாம்.

சாமு அண்ணன் அத்தை கேட்டது "என்னை எதுக்கு". எனக்கு அதோட மறுபக்கம்.

கிருபை_மட்டும்

தம்பி, வாதம் பண்ண வரல. நான் சொன்ன அதே டார்ட் தீர்மானம், முதல் பிரிவு, 16-ஆவது கூறு உன்னை மாதிரி ஆட்களுக்கே எழுதினது. உயிருள்ள விசுவாசத்தை இன்னும் உள்ளே உணராதவர்கள், ஆனால் வசனம், ஜெபத்தைவிட்டு விலகாதவர்கள், தள்ளப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டு மிரளவும் வேண்டாம், தங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம் என்கிறது. வேணும்னு நினைக்கிறேன் என்கிறாயே, அது எங்கிருந்து வந்தது? யோவான் 6:37-ன் பின்பாதி, "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை". கண்ணீர் வரணும்னு அங்க எழுதலை.

ஞாயிறுபள்ளி_டீச்சர்

இதுக்கு மட்டும் நானும் ஆமென்.

கீபோர்டு_பையன்

வாசிச்சுப் பார்க்கிறேன் அண்ணா. ஆனா அது எங்கிருந்து வந்ததுன்னா, எங்க அப்பா மேல இருக்கிற பயத்துல இருந்துகூட வந்திருக்கலாம். ஞாயிறு ரெண்டு ஆராதனைக்கும் நான்தான் கீபோர்டு வாசிக்கணும், திங்கள்கிழமை எழுதுறேன்.