புதுப்பிப்பு: கிரீன் கார்டோடு சொந்த நாடு திரும்புவோருக்கு

அமெரிக்காவில் வேலைபார்த்துவிட்டு, கிரீன் கார்டை (நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் அட்டை) வைத்துக்கொண்டே நாடு திரும்பும் பொறியாளர்கள், ஆய்வாளர்களுக்காகத் தொடங்கிய இழை இது. ரீ-என்ட்ரி பெர்மிட் (நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி ஆவணம்) வாங்கினால் போதும், வேறு கவலை இல்லை என்று பலர் முடிவுகட்டிவிட்டதால் இந்தச் சேர்க்கை.

பெர்மிட்டுக்கான விண்ணப்பமான ஐ-131 படிவத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே அனுப்ப வேண்டும். கைரேகை கொடுத்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. இல்லாவிட்டால் அதற்காகவே திரும்பி வர நேரும். பெர்மிட்டை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பெற்றுக்கொள்ளப் படிவத்திலேயே கேட்கலாம். 2 ஆண்டு வரை செல்லும். முந்தைய 5 ஆண்டில் 4 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பொதுவாக 1 ஆண்டுதான்.

குடியுரிமை கேட்க அமெரிக்காவில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும்; அந்தத் தொடர் வசிப்புக் கணக்கைப் பெர்மிட் காப்பாற்றாது. ஓராண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

வரிதான் பெரிய தலைவலி. கார்டு இருக்கும்வரை உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வரியை மிச்சம்பிடிக்க ‘வசிப்பவர் அல்லாதவர்’ என்று தாக்கல் செய்தால், கார்டைக் கைவிட்டதற்கு அதுவே சான்றாகலாம். அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருமுறை 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் (FBAR) எனும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை கட்டாயம்.

கார்டை ஒப்படைக்க ஐ-407 படிவம். அதற்குமுன் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்: கடைசி 15 வரியாண்டில் 8 ஆண்டு கார்டு வைத்திருந்தவர்களை, அதைக் கைவிடும்போது வரும் ‘வெளியேறும் வரி’ (exit tax) விதிகள் தொடும். ஓர் ஆண்டில் ஒரே நாள் வைத்திருந்தாலும் முழு ஆண்டாகவே எண்ணுவார்கள். டிசம்பரில் கார்டு கிடைத்தவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.