பல்லி மண்டலத்தில் ஒரு காந்தம்

குழு: ராயபுரம் வீட்டார்

கவின்: மழை விட்ட கேப்பில் மாடியில் டெலஸ்கோப்பை வைத்தேன். கிடைத்துவிட்டது!
[படம்]

பெரியப்பா: என்னப்பா இது, வெறும் கறுப்பாக இருக்கிறது.

கவின்: நடுவில் பெரிதாக்கிப் பாருங்கள் பெரியப்பா, நீலவெள்ளையாக ஒரு புள்ளி. பேப்காக் நட்சத்திரம், எச்டி 215441. பல்லி மண்டலத்தில் இருக்கிறது. பொலிவெண் சுமார் 8.8. இருட்டான ஊரிலேயே வெறுங்கண்ணுக்கு 6 வரைதான் தெரியும். நமக்கு மணலி பக்கத்து வெளிச்சம் வேறு.

சித்தி: பல்லியா, என்ன பலனாம்? 😄 கொசுவர்த்தி ஏற்றினாயா?

பெரியப்பா: எண் கூடினால் மங்கலா? தலைகீழாக இருக்கிறதே.

கவின்: ஆமாம், ஒன்று கூடினால் 2.5 மடங்கு மங்கல். 1856ல் அந்தக் கணக்கைச் சொன்னவர் போக்சன். 1861ல் நம்ம நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கே வேலைக்கு வந்தார். அதே வருஷம் இங்கிருந்தபடி ஒரு சிறுகோளையும் கண்டுபிடித்தார். 1891ல் சாகும்வரை மெட்ராஸ்தான்.

பெரியப்பா: அடடே! இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன், யாரும் சொன்னதில்லை.

அக்கா: சரிடா, மங்கலான நட்சத்திரம் எத்தனையோ இருக்கு. இதில் என்ன விசேஷம்?

கவின்: காந்தம். 1960ல் அமெரிக்க வானியலாளர் ஹோரஸ் பேப்காக் அறிவித்த அளவு 34,000 காஸ். காஸ் என்பது காந்த வலிமையின் அலகு. பூமியில் சுமார் அரை காஸ்தான்.

சித்தி: இரு இரு. 34,000 காஸ் என்றால் 3.4 டெஸ்லா. எங்கள் சென்டர் எம்ஆர்ஐ 3 டெஸ்லாதான்! தாலியில் மாட்டியிருக்கிற ஊக்கைக் கழற்றாமல் யாரையும் உள்ளே விடமாட்டோம். பாதிப் பேருக்கு அது இருப்பதே ஞாபகம் இருக்காது. ஒரு நட்சத்திரம் முழுக்கவா அப்படி?

கவின்: முழுக்க சித்தி. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே கோடுகள் தெரியும், அவைதான் நிறமாலைக் கோடுகள். காந்தப் புலத்தில் அந்தக் கோடு பிளக்கும், 1896ல் சீமன் கண்டது. இதில் கோடுகள் தனித்தனியாகப் பிரிந்தே தெரிந்தன. இடைவெளியை அளந்தால் காந்த வலிமை வந்துவிடும். சிலிக்கான் கோடுகளும் அளவுக்கு மீறி இருக்கின்றன.

பெரியப்பா: அப்போ அங்கே போய் சிப் கம்பெனி வைக்கலாம்.

கவின்: தோண்டினால் ஏமாற்றம்தான், எல்லாம் மேல்தோலில் மட்டும் 😄 காந்தம் மேல்பரப்பு வாயுவைக் கலங்க விடாது. மெதுவாகச் சுற்றுவதும் ஒரு காரணம். அப்படி அசையாமல் கிடக்கும்போது, ஒளியை அதிகம் உறிஞ்சுகிற தனிமங்களை உள்ளிருந்து வரும் ஒளியே மேலே தள்ளிவிடும். தள்ளு கிடைக்காதது எடையால் கீழே இறங்கிவிடும். மேலே வந்தது எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும். நட்சத்திரம் சுற்றும்போது அந்தத் திட்டுகள் நம் பக்கம் வந்து போகும். அதனால் 9.5 நாளுக்கு ஒரு சுற்று வெளிச்சம் லேசாகக் கூடிக் குறையும்.

அக்கா: அப்போ பத்து நாள் தொடர்ந்து பார்த்தால் தெரியுமா?

கவின்: கண்ணுக்குத் தெரியாது அக்கா, தினமும் படம் எடுத்து அளக்கணும். அதுவும் நவம்பரில், பத்து நாள் மேகம் இல்லாமல்!

சித்தி: மோட்டார் போட்டிருக்கிறேன். தொட்டி நிறைந்ததும் மாடியில் இருக்கிறவன் ஒரு குரல் கொடு.

கவின்: ஐயோ, வழிய ஆரம்பித்துவிட்டது. நிறுத்துங்கள்!