பொலிரோ பிக்கப்பில் செம்மண், கல்லுக்கால், பேவர் பிளாக்: ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றலாம்?

அப்பன்திருப்பதி வாசி:
எல்லோருக்கும் வணக்கம். அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு கட்டி முடித்தாகிவிட்டது, இனி வாசலும் சுற்றுப்புறமும்தான் பாக்கி. இடம் பள்ளம் என்பதால் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. அதனால் செம்மண் 2 யூனிட் அடிக்க வேண்டும், அப்புறம் வேலிக்கு மேலூர் பக்கமிருந்து 7 அடி கல்லுக்கால் 40 (5க்கு 5 அங்குலம்), நடைபாதைக்கு 60 எம்எம் பேவர் பிளாக் 400 சதுர அடி, செடிகளுக்கு நடுவில் போட நாலைந்து பெரிய பாறாங்கல்.

மச்சானிடம் பொலிரோ பிக்கப் இருக்கிறது, டீசல் மட்டும் போட்டு எடுத்துக்கோ என்கிறார். ஆர்.சி.யில் மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் 1300 கிலோ வருகிறது. பாடியை டேப் வைத்து அளந்தேன், நீளம் 9 அடி, அகலம் ஐந்தரை அடி, பக்கப் பலகை உயரம் 15 அங்குலம். மண் தருகிறவர் பலகை மட்டத்துக்கு நிரப்பிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் அள்ளுகிறார்கள் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, அந்த வண்டியை வைத்துத்தான் அக்கா குடும்பம் பிழைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை லோடு வண்டி:
சார், உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். நீங்கள் கொடுத்த அளவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். 9 அடி, ஐந்தரை அடி, ஒன்றேகால் அடி, பெருக்கினால் ஏறக்குறைய 62 கன அடி. காய்ந்த செம்மண் கன அடிக்கு 35 முதல் 40 கிலோ இருக்கும், அப்படியானால் பலகை மட்டத்துக்கு நிரப்பினால் இரண்டேகால் டன், சில நேரம் இரண்டரை டன்னே வந்துவிடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) என்றால் கன அடிக்கு 45 முதல் 50 கிலோ, கிட்டத்தட்ட 3 டன். பாடி கொள்கிறது என்பதற்காக வண்டி தாங்கும் என்று அர்த்தம் இல்லை. பஞ்சு மூட்டை, காய்கறிக் கூடை ஏற்றுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பலகை உயரம்.

1300 கிலோவிலும் டிரைவரும் பக்கத்தில் உட்காருகிற இரண்டு பேரும் 200 கிலோ, அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 1100 கிலோவுக்குச் செம்மண் 27 கன அடிதான் வரும், உங்கள் பாடியில் பரப்பினால் ஆறு ஆறரை அங்குல உயரம். பலகையின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அள்ளுகிறவரிடம் வாயால் சொன்னால் கேட்க மாட்டார், கோட்டைக் காட்டினால் நிறுத்துவார். மழைக்குப் பிறகு அள்ளினால் அதே மண் கன அடிக்கு 50 கிலோவைத் தொடும், அப்போது கோட்டை இன்னும் கீழே இறக்க வேண்டும். ஜேசிபியை வைத்து அள்ளுவதானால் இன்னும் கவனம், முன் பக்கெட் ஒரு கன மீட்டருக்கு மேல் பிடிக்கும், அதாவது 35 கன அடிக்கும் அதிகம். ஒரு முழு பக்கெட் கொட்டிய உடனேயே உங்கள் அளவு தாண்டிவிடும்.

இன்னொன்று, 2 யூனிட் என்பது 200 கன அடி. பிக்கப்பில் அடித்தால் ஏழெட்டு நடை. டிராக்டர் டிப்பர் ஏறக்குறைய ஒரு யூனிட் கொண்டுவரும், இரண்டு நடையில் முடிந்தது, ஜாக்கியைத் தூக்கினால் மண் தானாக இறங்கிவிடும், மண்வெட்டிக் கூலி மிச்சம். மண்ணுக்கு மச்சான் வண்டி வேண்டவே வேண்டாம்.

திருமங்கலம் கார்டன் வேலை:
மண்ணைப் பற்றி அண்ணன் சொன்னதுதான் என் கருத்தும். கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

கிரானைட் கன அடிக்கு 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிற கல்லுக்கால் ஒன்று 90 கிலோ, ஒரு நடைக்குப் பத்து ஏற்றுங்கள், நாலு நடையில் முடியும். பிக்கப்புக்கு ஏற்ற சரக்கு இதுதான், 9 அடி பாடிக்குள் 7 அடிக் கல் முழுசாகப் படுத்துவிடும். ஆனால் ஏற்றுகிற விதம் ரொம்ப முக்கியம். கல்லின் முனை கேபினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு அடி இடைவெளி விட்டால், திடீரென்று பிரேக் அடிக்கும்போது 90 கிலோ கல் அந்த ஒரு அடியையும் சறுக்கி வந்து மோதும், அந்தத் தகடு தாங்காது, அதற்கு அந்தப் பக்கம் இருப்பது டிரைவரின் முதுகு. அடியில் குறுக்காக மூன்று கட்டை அல்லது பழைய டயர் துண்டு போட்டு அதன்மேல் அடுக்குங்கள், தகரத்தின் மேல் கல் நேரடியாகப் படுத்தால் வழுக்கும், இறக்கும்போது கை வைக்கவும் இடம் இருக்காது. எடை பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழட்டும். எல்லாவற்றையும் பின்கதவு ஓரமாகத் தள்ளிவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்கு வராது. நைலான் கயிறு பாதி வழியில் தளர்ந்துவிடும், ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற பட்டை) இரண்டு வாங்குங்கள். அதையும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்குங்கள்.

லோடுமேனைக் கல்லின் மேல் உட்கார வைத்து மட்டும் கூட்டி வராதீர்கள். நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அவர்களைப் பஸ்ஸிலோ பைக்கிலோ வரச் சொல்லுங்கள்.

பாறாங்கல்லில் கண் ஏமாற்றும். 2 அடி விட்டமுள்ள உருண்டைக் கல் ஒன்றே 300 கிலோவைத் தாண்டும். கையால் புரட்டி ஏற்ற நினைக்காதீர்கள், கால் விரல் போய்விடும். பெல்ட் போட்டு ஜேசிபியில் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்லுங்கள், உயரத்திலிருந்து போட்டால் பாடியின் அடித்தகடு பிளந்துவிடும். உருளாமல் இரண்டு பக்கமும் மரக்கட்டை அணை கொடுங்கள்.

மேலூர் ரோடு:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கல், மண், எம்-சாண்ட் எது எடுத்தாலும் விற்பவரிடம் நடைச்சீட்டு (அந்த வண்டியில் அந்தச் சரக்கைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வண்டி நம்பரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சீட்டு இல்லாமல் பிடித்தால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள். அதிக எடைக்கு 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, போதாததற்குக் கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் அந்த எடையைக் காட்டி இழுத்தடிப்பார்கள்.

அப்பன்திருப்பதி வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. மண்ணை டிராக்டருக்குச் சொல்லிவிடுகிறேன், கல்லும் பேவரும் மட்டும் பிக்கப்பில். மச்சான் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார், அதனால் கொஞ்சம் கூட ஏற்றலாம் என்கிறார், அது சரியா? அப்புறம் பேவர் ஒரு நடைக்கு எவ்வளவு?

ஒத்தக்கடை லோடு வண்டி:
பட்டை கூட்டினால் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். ஆக்சிலும் பிரேக்கும் டயரும் கம்பெனி கொடுத்ததுதானே, ஆர்.சி.யில் இருக்கிற எடையும் மாறாது. தொங்காமல் நிற்பதால் கூடுதலாக ஏற்றியிருப்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் ஆபத்து. முதல் நடையில் காலி வண்டியை ஒரு தடவையும் சரக்கோடு ஒரு தடவையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், அதற்கு ஆகிற காசு பெரிய காசில்லை, அப்புறம் சந்தேகமே வராது. பின் டயர் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் லோடுக்கு என்று போட்டிருக்கிற அளவுக்குக் காலையிலேயே, டயர் சூடாவதற்கு முன்னால் பிடித்துவிடுங்கள்.

60 எம்எம் பேவர் சதுர அடிக்கு 13 கிலோ. ஒரு நடைக்கு 80 சதுர அடி, 400க்கு ஐந்து நடை. கொட்டாதீர்கள், முனை உடையும், தடுப்பை ஒட்டி நிற்க வைத்து அடுக்கச் சொல்லுங்கள். பின்கதவுச் சங்கிலி இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.