நோயின் கடுமையை மக்களிடம் எப்படிக் கேட்பது? ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. எந்த உடல்நலக் குறை எவ்வளவு கடுமையானது என்று பொதுமக்களிடமே கேட்டு அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறேன்.

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு 2010-இன் ஒப்பீட்டு முறையைத்தான் எடுத்திருக்கிறேன். நோயின் பெயரைச் சொல்லாமல் இரண்டு பேரை விவரிக்க வேண்டும். ஒருவருக்குப் பார்வை அறவே இல்லை. மற்றவருக்குத் தீராத முதுகுவலி, குனிய முடியாது, தூக்கமும் சரியில்லை. இவர்களில் யார் அதிக ஆரோக்கியமானவர்? அவ்வளவுதான் கேள்வி. பதில்களிலிருந்து 0 (முழு நலம்) முதல் 1 (மரணத்துக்குச் சமம்) வரை எடை கணக்கிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான். அந்த ஆய்வில் பார்வையின்மைக்கு 0.195 தான் கிடைத்தது. 1990-களில் நிபுணர்கள் தந்த எடை 0.6 அளவில் இருந்தது. 'ஆரோக்கியம்' என்று கேட்டாலே, வலியில்லாதவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று மக்கள் நினைத்துவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, "இப்படியே 10 ஆண்டு வாழ்வீர்களா, முழு நலத்தோடு 7 ஆண்டு போதுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஆயுசை எல்லாம் பேரம் பேசக் கூடாதுப்பா" என்று ஒரு அம்மா எழுந்தே போய்விட்டார்!

நேரில் இப்படிக் கணக்கெடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த முறை எடுபட்டது? அந்த நோயோடு வாழ்பவர்களின் பதிலைத் தனியாகப் பிரித்தீர்களா?