எனக்கு இப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிற மாணவர்கள்: அனுபவப் பகிர்வு

தையல் பயிற்றுநர், மதுரை மாவட்டம்

பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பவள் நான். வகுப்பில் சேர வருகிறவர்களிடம், நீங்கள் நன்றாகச் செய்யக்கூடிய ஒரு வேலையை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று முதலில் கேட்பேன். கோலமோ சமையலோ சைக்கிளோ எதுவாக இருந்தாலும் சரி. அந்தப் பதிலை வைத்து எங்கே தொடங்கலாம் என்று முடிவு செய்வேனே தவிர, எங்கே கொண்டுபோய் முடிக்கலாம் என்று முடிவு செய்வதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி மற்ற ஆசிரியர்களின் அனுபவத்தையும் அறிய விரும்பியே இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன்.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஓரிரு வகுப்புகளே படித்தவர். பழுப்புத் தாளில் நான் கோடு போட்டு விளக்கும்போது மரியாதைக்காகத் தலையாட்டுவார். கண் வேறெங்கோ இருக்கும். ஒரு நாள், நைந்துபோன தன் பழைய பிளவுஸ் ஒன்றை எடுத்துவந்து, "டீச்சர், இதைப் பிரித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். தையலை ஒவ்வொன்றாக நீக்கி, முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். கைத்துண்டின் மேல்வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை, முன்பக்கம் சற்று ஆழமாகக் குடைந்து வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அவராகவே கண்டுகொண்டார். அதை நான் பலமுறை சொல்லியிருந்தேன். நோட்டில் எழுதிவைத்திருந்த இளம்பெண்கள்கூடத் துணியில் வெட்டும்போது அதை மறந்துவிடுவார்கள். அந்த அம்மா ஒருமுறைகூட மறக்கவில்லை.

அப்படியானால் அவர் கையால் கற்பவர், அவருக்கு எல்லாவற்றையும் அவ்வாறே கற்பித்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதிதான் சரி. பிரித்த பிளவுஸின் அளவுக்குள் இருக்கும்வரை அவருக்குத் தடுமாற்றமே இல்லை. மார்புச் சுற்றளவு நான்கு அங்குலம் கூடிய இன்னொருவருக்குத் தைக்கச் சொன்னபோது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கூட்டிவிட்டார், தோள்பட்டை நழுவியது. மார்பு கூடுகிற அதே விகிதத்தில் தோள் கூடுவதில்லை என்பதை ஒரு பிளவுஸைப் பிரித்துப் பார்த்து அறிய முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும். வகுத்தல் தெரியாதவருக்கு இன்ச் டேப்பே கணக்குப் பலகையானது: 36 அங்குலத்தை நான்காக மடித்தால் ஒன்பதில் நிற்கும், அதற்குமேல் தையலுக்கு விடவேண்டிய துணி தனி. மடித்து மடித்து ஒவ்வோர் அளவையும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பிடித்த வழியிலேயே கணக்கையும் கொண்டுவர முடிந்தது. ஆனால் கணக்கைத் தவிர்த்திருக்க முடியாது.

இதற்கு எதிர்முனையில் ஒரு கல்லூரி மாணவி. யூடியூபில் ஏராளமாகப் பார்த்துவிட்டு வந்தவர். துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட் பிளவுஸின் முன்பாகத்தை எப்படி வெட்டுவது என்று கேட்டால் தடையின்றி ஒப்பிப்பார். இயந்திரத்தில் உட்கார்ந்ததும் துணியின் அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டது. மேல்நூல், அதன் இழுவையைக் கட்டுப்படுத்தும் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். காணொளியில் அந்த இடம் ஒரு நொடியில் கடந்துபோய்விடும். பார்க்காதே என்று நான் தடுக்கவில்லை. அடுத்த படி வருவதற்கு முன் காணொளியை நிறுத்தி, இனி என்ன வரும், ஏன் வரும் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஓடவிடச் சொன்னேன். பார்ப்பதில் அவருக்கிருந்த சுகம் கொஞ்சம் குறைந்தது, கை திருந்தியது.

மிருதங்க ஆசிரியர், சென்னை

மேலே எழுதிய சகோதரியின் அனுபவம் என் வகுப்பிலும் அப்படியே நடப்பதுதான். எங்கள் கலையில் சொல் முதலில் வாய்க்கு வரவேண்டும், பிறகுதான் கைக்கு. 'தத் தித் தொம் நம்' என்று தொடங்கும் பாடத்தைச் சொல்லிக்கொண்டே வாசிப்பது மரபு. குழந்தைகள் இதில் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. வயது வந்தவர்கள் உடனே நோட்டைத் திறக்கிறார்கள்.

மென்பொருள் துறையில் பணியாற்றும் ஒருவரும், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனும் என்னிடம் ஒரே காலத்தில் கற்றார்கள். முன்னவர் எழுத்தில் பார்த்தால்தான் தனக்கு மனத்தில் ஏறும் என்று உறுதியாக நம்புபவர். ஒவ்வொரு சொல்லையும் கட்டம் போட்டு எழுதுவார். 'ததிகிணதொம்' ஐந்து மாத்திரை (தாளத்தின் சிறு கால அளவு), மூன்று முறை வந்தால் பதினைந்து, ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனத்துக்கு, அதாவது பாதிச் சுற்றுக்கு, பதினாறு மாத்திரை, ஆகவே ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும் என்று அவருக்கு நொடியில் விளங்கிவிடும். சிறுவனுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாளம் போட்டபடி சொல்லச் சொன்னால் ஒருமுறைகூடச் சமத்தைத் தவறவிடமாட்டான். நோட்டைப் பார்த்து வாசிக்கும் பெரியவரின் கையோ, கண் கட்டத்தைத் தேடும் அந்தச் சிறு இடைவெளியில் தளர்ந்துவிடும்.

எழுதுவதைத் தடுத்தால் அவர் வகுப்பையே விட்டுவிடுவார் என்று தோன்றியதால், எழுதுவதன் நேரத்தை மட்டும் மாற்றினேன். பாடம் நடக்கும்போது நோட்டு மூடியிருக்க வேண்டும்; வீட்டுக்குப் போன பிறகு, கேட்டதை நினைவிலிருந்து எழுதிக் கொண்டுவர வேண்டும். அதோடு, பையனுக்குக் கணக்கை விளக்கும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தேன். பையன் பதிலுக்கு, "மாமா, நீங்க வாய்ல சொல்லாம அடிக்கிறீங்க" என்று அவரைத் திருத்துவான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு, உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரை. மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கி எட்டாகப் பிரிக்கும் அதே நூல்தான் இதையும் சொல்கிறது. அந்தப் பாகுபாடு மேற்கோளாகப் பரவிய அளவுக்கு இந்தக் கால், கால், அரைக் கணக்கு பரவவில்லை என்பது எனக்கு வருத்தமே. எருமை என்று ஒரு பையனைத் திட்டுவதற்கு மட்டும் நன்னூல் நினைவுக்கு வருகிறது.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தபோது நான் பணியில் இருந்தேன். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டை முறையே அதன் முன்மாதிரி. பாய், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கான தாழ்வான கரும்பலகை, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, சின்னம் அச்சிட்ட அட்டைகள் ஆகியவற்றோடு வகுப்பறையின் தோற்றமே மாறியது. காய்ச்சலில் பல நாள் வராத பிள்ளையும் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம் என்பதுதான், என் கணிப்பில், அந்த முறையின் உண்மையான பலம். ஒவ்வொரு குழந்தைக்கும் வேகம் வேறு என்பதை அது ஏற்றுக்கொண்டது.

ஆனால் வேகம் வேறு என்பது மெல்ல மெல்ல, இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள் என்ற பேச்சாக ஆசிரியர்களிடையே மாறியது. என் வகுப்பில் ஒரு பையன் வாய் திறக்கமாட்டான். அட்டைகளை மட்டும் பிசகாமல் அடுக்குவான். வந்து பார்த்த ஒருவர் அவனைச் செயலால் கற்பவன் என்று குறித்துவிட்டுப் போனார். சில வாரங்கள் கழித்து அவன் அம்மா, வகுப்பில் நான் சொல்லும் கதைகளையெல்லாம் குரல் ஏற்ற இறக்கத்தோடு அவன் தங்கைக்குச் சொல்லிக்காட்டுகிறான் என்றார். காதால் அவன் எவ்வளவு வாங்கியிருந்தான் என்பது அட்டையில் தெரியவே இல்லை. அவனுக்கு இருந்தது கூச்சம், அவ்வளவுதான்.

இந்த வகைப்பாடுகளை ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங், காட்சி, கேட்டல், வாசிப்பும் எழுத்தும், செயல் என நான்காகப் பிரிக்கும் வினாத்தாளை உருவாக்கினார்; இன்று பலரும் பேசுவது இந்தப் பிரிவினையைத்தான். 2004இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய வகைப்பாடுகள் 71 இருப்பதாகக் கணக்கெடுத்தது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள், விருப்ப முறையோடு பொருத்திக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். அதை மெய்ப்பிக்க வேண்டுமானால், ஒரு வகை மாணவருக்கு மிக அதிகம் உதவும் முறையே மற்ற வகையினருக்கும் மிக அதிகம் உதவுவதாக இல்லை என்று ஒரே தேர்வின் மூலம் காட்டவேண்டும். அவ்வாறு முறையாக நடந்த சோதனைகள் மிகச் சில. அவற்றுள் பலவும் எதிராகவே முடிந்திருந்தன. மனிதர்களுக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதை, இப்போதும் பணியில் இருக்கும் தோழிகள் சொல்லக் கேட்கிறேன். எது தெரியும், எது தெரியாது என்று பிரிப்பது, கண் காது என்று பிரிப்பதைவிட ஆசிரியருக்குப் பயன்படும். அங்கும் அரும்பு என்ற பெயர் ஒரு பிள்ளையின் மீது ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று, பணியில் இருப்பவர்கள் யாரேனும் இங்கே எழுதினால் நல்லது.