மறு: 'விலா எலும்பு வளைவு' வேண்டாம், 'நரம்பு வளைகூரை' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

பிரான்சின் துலூஸ் நகரத்து ஜாக்கோபின் மடம் பற்றிய கட்டுரையில், வளைந்த பட்டைகள் விரிந்து தாங்கும் கூரைக்கு (ஆங்கிலத்தில் rib vault) 'விலா எலும்பு வளைவு' என்று போட்டிருக்கிறோம். படிப்பவருக்கு எலும்புக்கூடுதான் கண்முன் வரும், கட்டடம் வராது. 'நரம்பு வளைகூரை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

அந்தத் தேவாலயம் செங்கல் கட்டடம், 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 14-ஆம் நூற்றாண்டு வரை வேலை நடந்தது. நட்ட நடுவே ஒற்றை வரிசையாகத் தூண்கள், அவற்றின் இருபுறமும் இரண்டு கூடங்கள்: ஒன்று துறவிகளுக்கு, இன்னொன்று பிரசங்கம் கேட்க வரும் ஊர்மக்களுக்கு. கிழக்குக் கோடியில்தான் சிக்கல். கூடமோ இரண்டு, அவை போய் முடிவதோ வளைந்த ஒரே சுவரில். கொத்தர்கள் என்ன செய்தார்கள் என்றால், கடைசித் தூணின் தலையிலிருந்து 22 நரம்புகளை, அதாவது அந்த வளைந்த பட்டைகளை, சுற்றிலும் விரித்துவிட்டார்கள். தரையிலிருந்து கூரை சுமார் 28 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் ஓலை விரித்த பனை போலவே இருக்கும், பிரெஞ்சுக்காரர்களும் அதைப் பனைமரம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து, இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் கட்டடக்கலையில் இவ்வளவு துணிச்சலான தூண் வேறில்லை.

அந்த நரம்புகள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை அல்ல. கூரையின் பாரத்தைத் தூணுக்கும் வெளிப்புற முட்டுச்சுவர்களுக்கும் கொண்டு சேர்ப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு, பாரம் அப்படிச் சில இடங்களில் குவிவதால்தான் முட்டுச்சுவர்களுக்கு நடுவில் நெடிய சன்னல்கள் வைக்க முடிந்தது. பிரெஞ்சில் இதற்கு 'நெர்வ்யூர்' என்று பெயர், இலை நரம்புக்கும் அதே சொல்தான். நரம்பு என்றால் மருத்துவச் சொல்லாகிவிடுமே என்ற தயக்கம் வேண்டாம். இலை நரம்பு, யாழ் நரம்பு எல்லாம் நம்மிடம் காலங்காலமாக இருப்பவை.

அப்புறம், தலைப்பில் உள்ள 'கன்னியர் மடம்' கட்டாயம் மாற வேண்டும். அங்கே இருந்தவர்கள் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் ஆண் துறவிகள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு ராணுவம் தேவாலயத்துக்குள்ளேயே மாடித்தளம் போட்டுக் குதிரை கட்டியது. 'முன்னாள் துறவியர் மடம்' என்றால் சரியாக இருக்கும்.

நரம்புகளுக்கு இடையே மூடும் மெல்லிய பரப்புக்கு 'படலம்' என்று யோசித்திருக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.