சாப்பா மலையில் நடக்க செப்டம்பர் சரியா?

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):
வியட்நாம் சாப்பாவில் மொங் என்ற மலைவாழ் மக்களின் ஊர்களுக்கு நடந்தே போகலாமாம். நானும் தம்பியும் செப்டம்பரில் கிளம்புகிறோம். ரொம்பக் கஷ்டமா? வீடுகளில் தங்க விடுவார்களா?

செம்பனைக்காரன்:
ஹனோயிலிருந்து லாவ் காய்க்கு ராத்திரி ரயில், அப்புறம் வேனில் மேலே ஒரு மணி நேரம். செப்டம்பர் நல்ல மாதம், படிக்கட்டு வயலெல்லாம் மஞ்சளாக இருக்கும். குளிர்ப் பிரதேசம் என்பதால் வருஷத்துக்கு ஒரே போகம்தான், அறுத்துவிட்டால் வெறும் தாள்தான் நிற்கும். லாவ் சாய் மொங் ஊர், அடுத்த தா வானில் வீடுகளில் தங்கலாம். மழை பெய்தால் நம் தோட்டத்துச் செம்மண் மாதிரி வழுக்கும். நான் இரண்டு தடவை விழுந்தேன், தூக்கிவிட்டது ஒரு மொங் பாட்டி, முதுகில் கூடை, காலில் ரப்பர் செருப்பு, அவுரிச் சாயம் ஏறி விரலெல்லாம் நீலம். சாமான் வாங்கினால் பெரியவர்களிடம் வாங்கு, பிள்ளைகளிடம் வேண்டாம், வியாபாரம் ஓடினால் பள்ளிக்கூடம் நின்றுவிடும்.

கித்தாமரம்:
தம்பி, சுங்கை பிளஸ் ஆற்றோரம் மேலே போனால் நம் நாட்டுப் பூர்வகுடிகளான தெமியார் மக்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு தடவையாவது போயிருக்கிறாயா?

தோட்டத்துப்பையன்:
இல்லை அக்கா. ஆனால் டிக்கெட் எடுத்தாச்சே!